ராயபுரத்து இன்ஸ்டாகிராம் கடைக்கு எந்தச் சட்டம்?

துணிக்கடை ரசீதுகளின் அடியில் ஒரு வரி அச்சாகியிருப்பதைப் பார்த்துப் பழகியவர்கள் நாம்: 'விற்ற சரக்கு திரும்ப எடுக்கப்படமாட்டாது.' பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக் கடைகள் இன்று யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் நேரலையில் புடவை விரிக்கின்றன. ரசீது போடும் பழக்கம் அங்கே மெலிந்துவிட்டது. அந்த வரி மட்டும் மொழி மாறிப் பிழைத்திருக்கிறது: 'நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச், அன்பாக்ஸிங் வீடியோ கட்டாயம்.' அதற்குப் பக்கத்திலேயே 'விலைக்கு டிஎம் பண்ணுங்க', 'சிஓடி கிடையாது' என்ற இன்னும் இரண்டு வரிகள். இந்த மூன்றில் முதல் இரண்டும் 2020 முதல் சட்டத்தோடு மோதுகின்றன. மூன்றாவதில் குற்றமில்லை.

துறைமுகத்தை ஒட்டி ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று நீளும் பகுதியில் இணைய வணிகத்துக்குப் பல முகங்கள் உண்டு. காசிமேட்டு மீனும் கருவாடும் வாட்ஸ்அப் குழுக்களில் விற்பனையாகின்றன. திருவொற்றியூரில் வீட்டிலேயே நைட்டி தைத்து விற்கும் பெண்கள் இருக்கிறார்கள். கப்பலில் வந்திறங்கிய பொம்மையும் ஃபிளாஸ்க்கும் வாங்கி விற்பவர்கள், பைக் உதிரிபாகம் விற்பவர்கள் என்று பட்டியல் போய்க்கொண்டே இருக்கும். நுகர்வோர் விதிகளைப் பற்றி இவர்களிடம் பேச்செடுத்தால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், 'அதெல்லாம் அமேசானுக்கு சார், நமக்கெதுக்கு?' என்பதுதான். இந்தப் பதில் பாதிகூடச் சரியில்லை. விதிகள் மாறிக்கொண்டே இருப்பதாகச் சொல்லப்படும் குறையும் அப்படியே. மாறுபவை பெரும்பாலும் ஓரங்கள். நடு அப்படியேதான் இருக்கிறது. சிறு வியாபாரியைத் திணறடிப்பது மாற்றத்தின் வேகம் அல்ல, விதிகள் நாலு துறைகளில் சிதறிக் கிடப்பது. இந்தக் கட்டுரை சொல்லவருவது அதைத்தான்.

யார் வளையத்துக்குள் வருகிறார்கள் என்பதை முதலில் பார்ப்போம். 1986-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, 2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வந்தது. மூன்று நாள் கழித்து, ஜூலை 23 அன்று, மின்வணிக விதிகள் அறிவிக்கப்பட்டன. மின்னணு வலையமைப்பின் வழியாக விற்கப்படும் எல்லாப் பொருளுக்கும் சேவைக்கும் அவை பொருந்தும். ஒரே ஒரு விலக்கு: தனிமனிதர் ஒருவர் சொந்த முறையில் செய்யும் காரியமாக இருந்து, அது வழக்கமாகவோ முறையாகவோ நடத்தப்படும் தொழிலின் பகுதியாக இல்லாவிட்டால் விதி பொருந்தாது. வீட்டிலிருந்த பழைய சைக்கிளை ஓஎல்எக்ஸில் விற்பவர் தப்பித்தார். வாரம் மூன்று நேரலை போட்டுப் புடவை விற்கும் பெண்மணி தப்பவில்லை. விற்றுமுதல் இவ்வளவுக்குக் கீழே இருந்தால் விலக்கு என்ற பேச்சே அந்த விதிகளில் இல்லை. ஜிஎஸ்டியில் இருக்கும் வரம்பை மனத்தில் வைத்துக்கொண்டு இங்கேயும் அப்படி இருக்கும் என்று நினைப்பதால்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

இதற்குள் ஒரு மங்கலான இடம் உண்டு. விதிகள் கடைகளை இரண்டாகப் பிரிக்கின்றன. பலரும் வந்து விற்கும் சந்தை நடத்துபவர் ஒரு வகை; தன் சரக்கைத் தானே விற்பவர் இன்னொரு வகை. சந்தையில் கடைபோடும் விற்பனையாளருக்குத் தனிக் கடமைகள் இருக்கின்றன. சொந்த இணையதளம் வைத்திருப்பவர் இரண்டாம் வகை என்பதில் ஐயமில்லை. இன்ஸ்டாகிராமில் படம் காட்டி, வாட்ஸ்அப்பில் பேரம் முடித்து, ஜிபேயில் காசு வாங்குபவர் எந்த வகை? விதியை எழுதியவர்கள் இந்தக் காட்சியை நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஆனால் எந்தக் கூடையில் போட்டாலும் அவர் மேல் விழும் கடமைகள் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே வகை பற்றிய வாதத்தை வக்கீல்களிடம் விட்டுவிடலாம்.

அந்தக் கடமைகள் எவை? கடையின் சட்டப்பூர்வப் பெயர், முகவரி, தொடர்பு எண், மின்னஞ்சல் ஆகியவை வாங்குபவர் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். குறைதீர் அலுவலர் ஒருவரின் பெயர் இருக்க வேண்டும். அலுவலர் என்றதும் மிரள வேண்டாம். இருவர் நடத்தும் கடையில் அந்த இருவரில் ஒருவர் பெயரைப் போட்டால் போதும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் 'வந்து சேர்ந்தது' என்று பதில் போக வேண்டும்; ஒரு மாதத்துக்குள் தீர்வு கிடைக்க வேண்டும். விலையை, கூரியர் செலவு உட்பட, ஒரே தொகையாகவும் அதன் பிரிவுகளாகவும் காட்ட வேண்டும். 'விலைக்கு டிஎம்' இந்த இடத்தில்தான் இடிக்கிறது. ஆளைப் பார்த்து விலை சொல்ல அது வழிவிடுகிறது என்பதை வாங்குகிறவர்களும் அறிவார்கள். சிஓடிக்குக் கூடுதலாக ஐம்பது ரூபாய் வாங்கினால் அதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். கடைசித் திரையில் அதை நீட்டுவது வேறொரு குற்றம். அதைப் பிறகு பார்ப்போம்.

திரும்ப எடுப்பதில்தான் இரு தரப்பிலும் குழப்பம் அதிகம். ஏழு நாளில் திருப்பிக் கொடுப்பது நுகர்வோரின் சட்ட உரிமை என்று வாங்குபவர்கள் நம்புகிறார்கள். அது நிறுவனங்கள் தாமாகத் தரும் சலுகை. பொருள் சரியாக இருந்து, 'நிறம் பிடிக்கவில்லை' என்று திருப்பும் உரிமையை இந்தியச் சட்டம் தரவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் இணையத்தில் வாங்கியதைக் காரணமே சொல்லாமல் 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லலாம். பாரிஸுக்கும் லண்டனுக்கும் புடவை அனுப்பும் எம்.சி. ரோட்டுக் கடைக்காரர் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஆனால் பொருள் பழுதானது, போலி, காட்டிய படத்துக்கும் வந்த சரக்குக்கும் சம்பந்தமில்லை, சொன்ன தேதியைத் தாண்டி வந்தது என்றால் கதை வேறு. அப்போது திரும்ப எடுக்கவோ பணம் தரவோ மறுக்கக் கூடாது என்று மின்வணிக விதிகள் சொல்கின்றன. ரசீதில் காலக்கெடு குறிப்பிடாமல் இருந்தால் 30 நாள் என்று மூலச் சட்டமே நிர்ணயிக்கிறது. ரசீது தராமல் விடுவதையே அதே பிரிவு முறையற்ற வணிகச் செயல் என்கிறது. 'நோ ரிட்டர்ன்' என்று எவ்வளவு பெரிய எழுத்தில் போட்டாலும் கிழிந்த புடவைக்கு அது கவசமாகாது.

அன்பாக்ஸிங் வீடியோவில் விற்பவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. புடவையைக் கட்டி விசேஷத்துக்குப் போய்வந்துவிட்டு 'கறையோடு வந்தது' என்று சொல்பவர்களும் உண்டு. அதனால் வீடியோவைச் சாட்சியாகக் கேட்பதில் தவறில்லை. வீடியோ இல்லை என்ற ஒரே காரணத்துக்காகப் புகாரையே தொட மறுப்பதுதான் தவறு. அனுப்பும் முன் கடைக்காரரே புடவையை விரித்து ஒரு வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளலாமே? செலவு இரண்டு நிமிடம். நுகர்வோர் ஆணையத்தின் முன் நிற்க நேர்ந்தால் அதுவே அவருக்குக் கை கொடுக்கும்.

தாமதத்துக்கு ஒரு விலக்கு இருக்கிறது. வடசென்னைக்காரர்களுக்கு அது நன்றாகப் புரியும். மனித சக்திக்கு மீறிய காரணத்தால் சரக்கு தாமதித்தால் அந்தப் பொறுப்பு விற்பவர் மேல் விழாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து எண்ணூர் முதல் ராயபுரம் வரை தண்ணீர் நின்ற நாட்கள் அதற்குள் அடங்கும். கூரியர் பையன் வரவில்லை, லாரி டிபிபி ரோட்டு நெரிசலில் மாட்டிக்கொண்டது என்பதெல்லாம் அடங்காது.

இனி கருவாட்டுக்கு வருவோம். மேலே சொன்ன சிதறல் இங்கேதான் முழு உருவில் தெரியும். வாங்குபவர் எதிரில் இல்லாமல் முன்கூட்டியே பொட்டலம் கட்டிய பொருளாகக் கருவாடு ஆகிவிட்டால், 2011-ஆம் ஆண்டின் எடையளவு பொட்டலப் பொருள் விதிகள் வந்து நிற்கின்றன. கட்டியவரின் பெயர், முகவரி, பொருளின் பெயர், நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, புகார் எண் ஆகியவை பொட்டலத்தின் மேல் இருக்க வேண்டும். 2018 ஜனவரி 1 முதல், தயாரித்த மாதம் வருடம் நீங்கலாக, இவை இணையப் பக்கத்திலும் தெரிய வேண்டும். 2024 ஜனவரி 1 முதல் தயாரித்த மாதம் வருடத்தோடு அலகு விலையும் பொட்டலத்தில் கட்டாயம். 250 கிராம் நெத்திலிக் கருவாடு 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கிராம் 1.20 ரூபாய் என்று அச்சிட வேண்டும். இவற்றைச் சரிபார்க்கும் அதிகாரம் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையிடம் இருக்கிறது. தராசைச் சோதிப்பவரும் கடை ஊழியரின் சம்பளப் பதிவேட்டைச் சோதிப்பவரும் ஒரே துறை.

கருவாடு உணவும்கூட. ஆகவே உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் பதிவு வேண்டும்; அதன் 14 இலக்க எண் லேபிளில் வேண்டும். இது சுகாதாரத் துறையின் கீழ் வரும் உணவுப் பாதுகாப்பு அலுவலரின் வேலை. இணையத்தில் உணவு விற்பவர்கள், பொருள் வீடு சேரும்போது அதன் ஆயுளில் குறைந்தது 30 சதவீதமோ காலாவதிக்கு 45 நாளோ மிச்சம் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அந்த ஆணையம் 2024 இறுதியில் மின்வணிக நிறுவனங்களுக்குச் சொன்னது. திரும்ப எடுக்க மறுத்தால் வரும் புகார், கூட்டுறவு, உணவு மற்றும் நுகர்வோர் பாதுகாப்புத் துறையின் எல்லை. ஐஎஸ்ஐ முத்திரை தேவைப்படும் பொருளாக இருந்தால் தரமணியில் இருக்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனமான பிஐஎஸ். ஒரு கிலோ கருவாடு விற்பதற்கு ஒருவர் இத்தனை கதவுகளையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்றால், அவர் எல்லாக் கதவுகளையும் விட்டு விலகிப் போவதில் வியப்பில்லை.

பச்சை மீனில் இன்னொரு சிக்கல். ஒரு கிலோ வஞ்சிரம் என்றால் வெட்டும் முன்னா, பின்னா? தலை, வால், குடல் போனபின் தட்டில் விழும் எடை நன்றாகக் குறைந்திருக்கும். காசிமேட்டில் நேரில் நிற்பவருக்கு இது கண்ணெதிரே நடக்கிறது. செயலியில் ஆர்டர் போடுபவருக்குச் சொன்னால்தான் தெரியும். பெரிய மீன் செயலிகள் மொத்த எடை, நிகர எடை இரண்டையும் காட்டுகின்றன. வாட்ஸ்அப் மீன்காரர்களும் இதைப் பின்பற்றிவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தடை. அந்த நாட்களில் ஃபைபர் படகு மீன் மட்டுமே கரை சேரும். அப்போதும் 'இன்று காலை காசிமேட்டில் பிடித்தது' என்று பெரிய மீன்களின் படத்தைப் போட்டு, ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்து அனுப்புவது தவறான விளம்பரம் என்ற கணக்கில் சேரும். மீனவர் மகன் செய்தாலும் அப்படித்தான்.

இறக்குமதிச் சரக்கு விற்பவர்கள்தான் மிகுந்த ஆபத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கே அது மிகக் குறைவாகத் தெரிகிறது. எந்த நாட்டில் செய்தது என்பதை இணையப் பக்கத்தில் சொல்ல வேண்டும். பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதலும் பிரஷர் குக்கர்களுக்கு 2021 பிப்ரவரி 1 முதலும் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். முத்திரையில்லாத குக்கர்களை விற்கவிட்டதற்காக அமேசானுக்கும் ஃபிளிப்கார்ட்டுக்கும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் தலா ஒரு லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. அது தூரத்துச் செய்தி என்றால் பக்கத்துச் செய்தியும் இருக்கிறது. 2025 மார்ச்சில் பிஐஎஸ் அதிகாரிகள் திருவள்ளூர் மாவட்டம் புதுவாயலில் உள்ள அமேசான் கிடங்கில் சோதனையிட்டு, சான்றில்லாத ஃபிளாஸ்க், தண்ணீர் பாட்டில், மின்விசிறி, பொம்மை என்று 3,376 பொருட்களைக் கைப்பற்றினார்கள். மதிப்பு சுமார் 36 லட்சம் ரூபாய். துறைமுகத்துக் கண்டெய்னர்கள் போகும் அதே வடக்குத் திசையில்தான் அந்தக் கிடங்கும் இருக்கிறது. 2026 ஜனவரியில் உரிய அனுமதி விவரம் இல்லாமல் வாக்கி-டாக்கி விற்பனைக்கு இடம் கொடுத்த வழக்கில் அபராதம் கட்டச் சொல்லப்பட்டவர்களில் பேஸ்புக் மார்க்கெட்பிளேஸை நடத்தும் மெட்டாவும் ஒன்று. 'இது சமூக ஊடகம், கடையில்லை' என்ற வாதம் இனி எடுபடாது.

இத்தகைய விற்பனைத் தளங்கள் மேல் அழுத்தம் கூடும்போது அது கீழே உள்ள விற்பனையாளர் மேல்தான் இறங்கும். முத்திரை எண் இல்லையென்றால் பட்டியலிலிருந்து சரக்கு ஒரே இரவில் காணாமல் போகும். அதை எதிர்த்துப் பேச மனிதர் யாரும் எதிர்முனையில் இருக்கமாட்டார். சிறு விற்பனையாளருக்கு அரசு அபராதத்தைவிட இது பெரிய தண்டனை.

2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், வாங்குபவரை ஏமாற்றும் 13 வகைத் திரைத் தந்திரங்களைப் பட்டியலிட்டன. பொய்யான அவசரம், கூடையில் தானாக ஒரு பொருளைச் சேர்த்துவிடுவது, கடைசித் திரையில் விலையைக் கூட்டுவது எல்லாம் அதில் உண்டு. இவற்றைப் பெரிய நிறுவனங்கள் திட்டமிட்டுச் செய்கின்றன. சிறு கடைகள் தெரியாமல் செய்கின்றன. ரெடிமேட் கடைத் தளம் ஒன்றை மாதக் கட்டணத்துக்கு எடுத்தால், 'இன்னும் 2 மட்டுமே மிச்சம்' என்று ஓடும் அறிவிப்பு அதோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. சரக்கு நூறு இருக்கும்போது அந்த அறிவிப்பு ஓடினால் பதில் சொல்ல வேண்டியவர் தளம் விற்றவர் அல்லர், கடைக்காரர். 'எல்லா வரியும் உட்பட' என்று எம்ஆர்பி காட்டிவிட்டு, தள்ளுபடி விலைமேல் ஜிஎஸ்டி சேர்த்து வாங்கிய ஃபர்ஸ்ட்க்ரை நிறுவனத்துக்கு 2025-இல் இரண்டு லட்சம் ரூபாய் அபராதம் விழுந்தது. எம்.சி. ரோட்டில் 'பில் போட்டா ஜிஎஸ்டி எக்ஸ்ட்ரா' என்று சொல்லும் வழக்கமும் கொள்கையளவில் இதே ஜாதிதான்.

தன் கடையைத் தானே வாடிக்கையாளர் போலப் புகழ்ந்து எழுதுவதற்குத் தடை இருக்கிறது. யூடியூபர்களைக் கூப்பிட்டுக் கடையைக் காட்டச் சொல்வது தடையில்லை. ஆனால் பணமோ புடவையோ வாங்கிக்கொண்டு பேசினால் அதைப் பார்வையாளருக்குத் தெரியும்படி சொல்ல வேண்டும். தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் வரையும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. புகழ்ந்தவரும் அதில் மாட்டுவார். வடசென்னையின் தெருக்கடைகளை ஊர் உலகத்துக்குக் காட்டியதில் இந்தக் காணொளிக்காரர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. 'இது விளம்பரம்' என்ற ஒரு வார்த்தையால் அந்தப் பங்கு குறைந்துவிடாது.

வாடிக்கையாளரின் முகவரியும் போன் எண்ணும் தெரிகிற கூரியர் சீட்டுகளை அடுக்கிப் படம் எடுத்து 'இன்றைய டிஸ்பேட்ச்' என்று ஸ்டேட்டஸ் வைப்பது பரவலான பெருமை. நம்பிக் கொடுத்த விவரத்தை வெளியிடுவது 2019-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே முறையற்ற செயல். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுவிட்டன. முக்கியக் கடமைகளுக்குப் 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. அந்தப் படத்தை எடுப்பதை இன்றே நிறுத்திவிடலாம்.

இப்போது மாற்றங்களின் கேள்விக்கு வரலாம். 2021 ஜூனில் மின்வணிக விதிகளுக்குப் பெரிய திருத்த வரைவு ஒன்று வந்து, திடீர்த் தள்ளுபடி விற்பனைக்கு முடிவு என்று பத்திரிகைகள் எழுதின. அந்த வரைவு அப்படியே சட்டமாகவில்லை. வரைவைப் பார்த்துப் பதறி ஆலோசகருக்குக் காசு கொடுத்தவர்களுக்குக் காசு போனதுதான் மிச்சம். அறிவிக்கை வேறு, வரைவு வேறு, அறிவுரை வேறு. இந்த வேறுபாடு தெரிந்தால் பாதிப் பதற்றம் அடங்கும். லேபிள் சம்பந்தமான மாற்றங்களுக்கு இப்போது நிலையான தேதிகளும் அவகாசமும் வைக்கும் பழக்கம் வந்திருக்கிறது. உணவு லேபிள் மாற்றங்களுக்கு ஜூலை 1. ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், ஒரு மணி நேரம் ஒதுக்கி லேபிளையும் கடைப் பக்கத்தையும் சரிபார்த்தால் சிறு கடைக்குப் போதும். லேபிளை ஆயிரக்கணக்கில் அச்சடித்து வைக்காமல், மாறும் விவரங்களை ஸ்டிக்கராக வைத்துக்கொள்வது மலிவு.

மாறாத மாற்றம் ஒன்று உண்டு. வாங்குபவர் தான் குடியிருக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ வழக்குப் போடலாம் என்ற 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுதான் அது. ராயபுரத்தில் உட்கார்ந்து கோயம்புத்தூருக்கு 1,200 ரூபாய்ப் புடவை அனுப்பியவர், கோயம்புத்தூர் ஆணையத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். ஐந்து லட்சம் ரூபாய் வரையான வழக்குக்கு வாங்குபவர் கட்டணம் எதுவும் கட்ட வேண்டாம். 2025 ஜனவரி 1 முதல் இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே புகாரைப் பதியலாம். அதற்கு முன் 1915 என்ற உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அங்கேயே சமரசமாகும் புகார்களும் உண்டு. 1,200 ரூபாயைத் திருப்பிக் கொடுப்பது, வக்கீல் வைப்பதைவிட எப்போதும் மலிவு. சட்டத்துக்குப் பயந்து இல்லாவிட்டாலும் கணக்குப் பார்த்தாவது கடைக்காரர் இதைச் செய்யலாம்.

சிறு கடைகள் மேல் மட்டும் பழி போடுவது நியாயமில்லை. கோடிக்கணக்கான வாடிக்கையாளர் வைத்திருக்கும் நிறுவனத்துக்கும் ஐம்பது பேருக்கு நைட்டி விற்பவருக்கும் ஒரே விதிப் புத்தகத்தை நீட்டியது மத்திய அரசின் பிழை. தரவுப் பாதுகாப்பு விதிகளில்கூட இரண்டு கோடிப் பயனர் என்ற அளவு வைத்து மின்வணிகப் பெருநிறுவனங்களுக்குத் தனிக் கடமை சொல்லத் தெரிந்தவர்களுக்கு, மின்வணிக விதிகளில் சிறியவர்களுக்கென ஒரு எளிய படி வைக்கத் தெரியவில்லை. அரசிதழ் அறிவிக்கைகள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வருகின்றன. தமிழில் அவற்றை எடுத்துச் சொல்லும் பொறுப்பை எவரும் முழுதாக ஏற்கவில்லை. அபராதம் விழுந்த செய்திகளெல்லாம் பெரிய பெயர்களைப் பற்றியவை. அதைப் படிக்கும் சிறு கடைக்காரர் இது தன்னைப் பற்றியது இல்லை என்ற முடிவுக்கு வருவது இயல்புதான்.

விதிகளைத் தமிழில் எடுத்துச் சொல்லும் வேலையைத் தமிழ்நாடு அரசால் செய்ய முடியும். தொழிலாளர் துறை, உணவுப் பாதுகாப்புத் துறை, நுகர்வோர் பாதுகாப்புத் துறை மூன்றும் அதன் கையில்தான் இருக்கின்றன. இணையத்தில் விற்பவர் என்ன எழுத வேண்டும், என்ன எழுதக் கூடாது என்பதை, மாதிரி ரசீதும் மாதிரி லேபிளும் சேர்த்து, நாலு பக்கத் தமிழ்க் கையேடாகப் போட்டு ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அதை இணையதளத்தின் மூலையில் பிடிஎஃப் ஆக வைத்துவிட்டுப் போகாமல், எம்.சி. ரோட்டிலும் காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் மூன்று துறை அலுவலர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து முகாம் நடத்திக் கொடுக்க வேண்டும். மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்தே அதைத் தொடங்கலாம்.